காதுக்குள் ஒரு எல் போர்டு

எங்கள் வீட்டு ஜிம்மி ஒருநாள் காலையில் ஹாலில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால், தலை இடதுபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கண்மணிகள் இரண்டும் பக்கவாட்டில் விசுக் விசுக்கென்று ஆடிக்கொண்டிருக்கின்றன. நாலு அடி வைக்கிறது, சுவரில் மோதுகிறது, விழுகிறது, எழுந்து மறுபடி அதே வட்டம். டாஸ்மாக்கிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தவன் மாதிரி.

கொஞ்சம் ரீவைண்ட் செய்கிறேன்.

அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் ஜிம்மி காதைச் சொறிய ஆரம்பித்திருந்தது. ராத்திரி பூரா தலையை உதறும். காது மடல்கள் இரண்டும் கன்னத்தில் அடித்து 'பட் பட்' என்று சத்தம். இடது காதைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே சிவந்து, புளித்த மாவு வாசனை. எதிர்வீட்டு மாமி சொன்னார்: "தேங்காயெண்ணெய்யை இளஞ்சூடா ரெண்டு சொட்டு விடுங்கோ, சரியாயிடும்." விட்டேன். ஆகவில்லை. அப்போதுதான் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சின்ன பாட்டில் கண்ணில் பட்டது. என் பையனுக்கு எப்போதோ காது வலித்தபோது வாங்கிய சொட்டுமருந்து. அரை பாட்டில் மிச்சம்.

மனுஷனுக்கு ஆவது நாய்க்கு ஆகாதா? டாக்டர் ஃபீஸும் மிச்சம், மருந்தும் வீணாகாது. பி.காம். படித்தவன் மூளை அப்படித்தானே வேலை செய்யும்! மூன்று நாள் விட்டேன். நான்காம் நாள்தான் அந்த வட்டம்.

கால்நடை மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மருந்து விடறதுக்கு முன்னாடி, செவிப்பறை கிழிஞ்சிருக்கா இல்லையான்னு பார்த்தீங்களா?"

"அதை எப்படி சார் வீட்ல பார்க்கறது?"

"பார்க்க முடியாதுல்ல? அப்புறம் எதை நம்பி உள்ளே ஊத்தினீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட ஒரு விஷயம் புரிந்தது. இந்தத் தப்பைச் செய்த முதல் ஆள் நான் இல்லை. நாய்க் காதுக்குள் எதையாவது ஊற்றுவது என்பது இரண்டாயிரம் வருடத்துப் பழக்கம். நம்பிக்கையோடு ஊற்றியவர்கள் பட்டியலில் ரோமாபுரி விவசாயியும் இருக்கிறார், பிரெஞ்சுப் பிரபுவும் இருக்கிறார். கடைசி வரியில் நான்.

வாருங்கள், பட்டியலை முதலிலிருந்து பார்த்துவிடலாம்.

*

கி.மு. 37. ரோமாபுரி. வாரோ என்று ஒரு பேரறிஞர். எண்பது வயதில் உட்கார்ந்து விவசாயத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறார். ஆடு, மாடு, கோழி வரிசையில் நாய்க்கும் ஓர் இடம். அந்தக் காலத்து ரோமானியனுக்கு நாய் என்பது ஆட்டு மந்தையின் செக்யூரிட்டி கார்டு. அந்த கார்டுக்கு எதிரி ஓநாய் மட்டுமல்ல. ஈ, உண்ணி, தெள்ளுப்பூச்சி. காதைக் கடித்துப் புண்ணாக்கிவிடும். வாரோ சொன்ன மருந்து: பாதாம்பருப்பைத் தண்ணீர் விட்டு அரை. நாயின் காதிலும் கால் விரல் இடுக்கிலும் பூசு.

சுமார் நூறு வருடம் கழித்து கொலுமெல்லா வருகிறார். ஸ்பெயின் தேசத்தில் பிறந்து, இத்தாலியில் நிலம் வாங்கி விவசாயம் பார்த்தவர். அவர் இன்னும் விவரமாக எழுதுகிறார். கோடையில் ஈக்கள் மொய்த்து, சில நாய்களுக்குக் காதே போய்விடுகிறதாம். வராமல் தடுக்கக் கசப்பு பாதாம். புண் வந்துவிட்டால்? காய்ச்சிய கீலும் பன்றிக்கொழுப்பும் கலந்து புண்ணின் மேல் சொட்டு விட வேண்டும். அது பட்டால் உண்ணியும் உதிர்ந்துவிடும் என்கிறார்.

இதைப் படித்தபோது நம்மூர் நினைப்பு வந்ததா? எனக்கு வந்தது. கோடையில் நம் தெருநாய்களின் காது நுனியைப் பாருங்கள். ஈ மொய்த்த அதே புண். இரண்டாயிரம் வருடத்தில் ஈ மாறவே இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாரோவும் கொலுமெல்லாவும் பேசியதெல்லாம் காது மடலைப் பற்றி. கண்ணுக்குத் தெரிகிற இடம். பூசினால் பூசியது தெரியும், ஆறினால் ஆறியது தெரியும். சிக்கல் அதற்கும் உள்ளே இருக்கிறது.

*

நம் காதுத் துவாரம் கிட்டத்தட்ட நேர்க்கோடு. சுமார் இரண்டரை சென்டிமீட்டர் போனால் செவிப்பறை வந்துவிடும். நாய்க்கு அப்படி இல்லை. துவாரம் முதலில் நேராகக் கீழே இறங்குகிறது. அப்புறம் ஒரு திருப்பம். தலைக்கு உள்பக்கமாகப் படுத்தவாக்கில் போய், அதன் முடிவில் செவிப்பறை. ஆங்கில எழுத்து 'எல்' வடிவம்.

இந்த எல்லில்தான் எல்லா வில்லங்கமும். குளிப்பாட்டும்போது உள்ளே போன தண்ணீர் திருப்பத்தில் தேங்கும். காற்று போகாது. காது தொங்குகிற ஜாதியாக இருந்தால் மேலே ஒரு மூடியும் போட்டாயிற்று. சூடு, ஈரம், இருட்டு. பூஞ்சைக்கு இதைவிட நல்ல வாடகை வீடு கிடைக்குமா?

மேலே நின்று எட்டிப் பார்க்கிறவனுக்கு நேராக இறங்குகிற பகுதி மட்டும்தான் தெரியும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது, தெரியாது. ரோமானியனுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

*

1387. பிரான்சின் தென்கோடியில், பிரனீஸ் மலையடிவாரத்தில், ஃபுவா நாட்டுப் பிரபு காஸ்தோன் ஃபேபுஸ் வேட்டையைப் பற்றி ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தார். நாய் என்றால் உயிர். வேட்டைநாய்க்கு எப்படிக் கொட்டகை கட்டணும், எப்படி வைக்கோல் மாத்தணும் என்பதுவரை எழுதியவர். நாய்களின் வியாதிகளுக்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். பிறகு இங்கிலாந்தின் யார்க் கோமகன் எட்வர்ட் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். (இந்த எட்வர்ட் 1415ல் அஜின்கோர்ட் யுத்தத்தில் செத்துப்போனார். வேட்டைக்காரர் ஃபேபுஸோ, 1391ல் ஒரு கரடி வேட்டை முடிந்த கையோடு போய்ச் சேர்ந்தார்.)

அந்த அத்தியாயத்தில் காது வருகிறது. நாய் பின்னங்காலால் சொறிந்து சொறிந்து காதில் அசிங்கம் சேரும், சில சமயம் செவிடாகவும் ஆகிவிடும் என்று சரியாகக் கவனித்திருக்கிறார்கள். வைத்தியம்? வெதுவெதுப்பான ஒயினில் துணியை நனைத்து, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை துடைக்கணும். பிறகு சாமந்தி ஜாதிப் பூவான கெமோமைல் போட்ட எண்ணெய், பால் சூட்டில், மூன்றே சொட்டு. ஆறும்வரை சொறிய விடக் கூடாது.

அட, எதிர்வீட்டு மாமி!

கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்துக்கு இது ரொம்ப நிதானமான வைத்தியம். முதலில் சுத்தம் செய், சூடு அதிகம் வேண்டாம், சொறிய விடாதே. இந்த மூன்றும் இன்றைக்கும் செல்லுபடியாகிற விதிகள். ஓட்டை எங்கே என்றால், உள்ளே என்ன வியாதி என்று யாருக்கும் தெரியாது. வியாதி தெரியாமல் மருந்து. கணக்கில் சொன்னால், வவுச்சரே இல்லாமல் செலவு எழுதுகிற மாதிரி.

*

1760களில் பிரான்சின் லியோன் நகரத்தில் குளோத் பூர்ஷெலா உலகின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியை ஆரம்பித்தார். லண்டனில் 1791. நம் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903. இந்தக் கல்லூரிகள் நாய்க்காக வந்தவை என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். மாட்டுக் கொள்ளைநோய்க்கும் ராணுவக் குதிரைக்கும்தான் அத்தனை முஸ்தீபும். குதிரை செத்தால் ராணுவத்துக்கு நஷ்டம். மாடு செத்தால் விவசாயிக்கு நஷ்டம். நாய் செத்தால்? யாருடைய பேலன்ஸ் ஷீட்டிலும் நாய் இல்லை.

அந்த நிலைமையில்தான் டெலபேர் பிளெய்ன் என்ற ஆங்கிலேயர், 1817ல், நாய்களின் நோய்களுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். காதுப் புண்ணுக்கு அன்று 'கேன்கர்' என்று பெயர். தண்ணீரில் அதிகம் புழங்குகிற நாய்க்கு இது ஜாஸ்தி வருகிறது என்று கண்டுபிடித்து எழுதினார். அருமையான கவனிப்பு. ஆனால் சிகிச்சை? ஈயச் சர்க்கரை என்று அப்போது பெயர் பெற்ற ஈய அசிடேட் கரைசலைக் காதில் விடுவது. கூடவே பேதி மருந்து. ஈயம் விஷம் என்பது நமக்குத் தெரியும். நாய் உதறும், நக்கும், விழுங்கும். அன்று அதை யார் யோசித்தார்கள்?

இதையெல்லாம்விடக் கொடூரமான ஒரு 'வைத்தியமும்' இருந்தது. காதையே வெட்டிவிடுவது. சண்டை நாய்க்கு எதிரி கடித்து இழுக்க வசதி இருக்கக் கூடாது என்று ஆரம்பித்த பழக்கம், அப்புறம் ஃபேஷன் ஆனது. கேட்டால், காது நிமிர்ந்து நின்றால் காற்றுப் போகும், நோய் வராது என்று ஒரு சமாதானம். அது உண்மையானால் இயற்கையாகவே காது நிமிர்ந்து நிற்கும் அல்சேஷனுக்குக் காது நோயே வரக் கூடாதே! வருகிறது. நன்றாகவே வருகிறது. 1895ல் லண்டன் நீதிமன்றம் ஒன்றில் காது வெட்டியவர்கள் மேல் கொடுமை வழக்கு நடந்தது. கென்னல் கிளப்பின் புரவலராக இருந்த வேல்ஸ் இளவரசரும், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர் ஆனவர், இந்தப் பழக்கத்தை எதிர்த்தார். அதே வருடம், 1895 மார்ச் 31க்குப் பிறகு பிறந்த நாய்க்குக் காது வெட்டியிருந்தால் போட்டியில் பரிசு கிடையாது என்று கிளப் விதி போட்டது. பரிசு இல்லை என்றதும் வெட்டுவதும் குறைந்தது. அனுதாபம் செய்யாததை அக்கவுண்ட்ஸ் செய்யும்.

*

சரி, உள்ளே இருப்பது யார் என்று எப்போது தெரிந்தது?

முதல் ஆசாமி பிடிபட்டது 1838ல். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் எட்வார்ட் ஹெரிங், காதில் வாழும் ஒரு குட்டிச் சிற்றுண்ணியை விவரித்தார். 'ஓட்டோடெக்டிஸ் சைனோட்டிஸ்' என்று இன்றைய பெயர். வெறும் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளி. இது இருக்கிற காதில் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக அழுக்கு சேரும். நாய்க்குட்டிக்கும் பூனைக்கும் அதிகம். ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஜீவன் காதில் இருந்தால் நாய்க்கு எப்படி இருக்கும்? இதைத் தெரிந்துகொள்ள ஒரு மனிதர் செய்த காரியத்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள். ராபர்ட் லோபஸ். நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட்போர்ட் என்ற ஊரின் கால்நடை டாக்டர். ஒரு பூனையின் காதிலிருந்து இந்தச் சிற்றுண்ணிகளை எடுத்து, தண்ணீரில் கலந்து, தன் இடது காதில் தானே விட்டுக்கொண்டார். சத்தியமாக! உடனே சுரண்டல் சத்தம் கேட்டது. அப்புறம் அரிப்பு. ராத்திரி ஆனால்தான் அவற்றுக்கு உற்சாகம். நள்ளிரவுக்குப் பிறகு சத்தமும் வலியும் தாங்கவில்லை. தூக்கம் போச்சு. சில வாரங்களில் தானாகச் சரியானது. மனுஷன் விட்டாரா? மறுபடி ஒரு முறை. அதற்கும் அப்புறம் ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் அவஸ்தை குறைந்துகொண்டே வந்தது. 1993ல் கட்டுரையாக எழுதினார். 1994ல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான 'இக் நோபல்' பரிசு கொடுத்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜிம்மி ராத்திரி பூரா தலையை உதறியபோது, "சும்மா படுடா" என்று நான் அதட்டியது ஞாபகம் வந்தது.

இரண்டாவது ஆசாமி, பூஞ்சை. இதன் கதை இன்னும் வேடிக்கை. 1925ல் அமெரிக்காவில் வைட்மன் என்பவர், தோல் உரிந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தின் உடம்பிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். தடித்தோல் மிருகத்தில் கிடைத்ததால் 'பேச்சிடெர்மேட்டிஸ்' என்று பெயர். 1955ல் ஸ்வீடனில் குஸ்தாஃப்சன், நாயின் காது நோயில் இதே வகைப் பூஞ்சையைக் கண்டு எழுதினார். புளித்த மாவு வாசனை சொன்னேனே, அது பெரும்பாலும் இந்த ஆசாமியின் கைவரிசை. மூன்றாவது ஆசாமி பாக்டீரியா. பல ரகம். சில ரகம் சாதாரண மருந்துக்கு மசியாது.

ஆகக் கூடி, மூன்று எதிரி. மூன்றுக்கும் வேறு வேறு மருந்து. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி சொறியும். காது அழுக்கைக் கொஞ்சம் பஞ்சில் எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். பார்க்காமல் ஊற்றினால், லாட்டரிதான்.

1988ல் ஜான் ஆகஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவர் இன்னும் ஒரு படி மேலே போனார். பூஞ்சையும் பாக்டீரியாவும் பெரும்பாலும் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளிகள். கதவைத் திறந்துவிட்டவன் வேறு ஒருவன் என்றார். அந்த ஒருவன் அனேகமாக அலர்ஜி. சாப்பாட்டினாலோ, தூசியினாலோ, தெள்ளுப்பூச்சியினாலோ வருவது. உங்கள் நாய்க்கு வருஷத்துக்கு மூன்று தடவை காது நோய் வருகிறதா? அது காதின் கோளாறாக இல்லாமல் தோலின் கோளாறாக இருக்கலாம். காது வெறும் அலாரம். அலாரத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே இருந்தால் திருடன் பிடிபடுவானா?

*

இனி, என் அரை பாட்டில் மருந்துக்கு வருகிறேன்.

1943ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார். காசநோய்க்கு முதல் நிஜமான மருந்து. அதை கினிப்பன்றிகளிலும் பிறகு நோயாளிகளிடமும் சோதித்தவர்கள் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஹின்ஷாவும் ஃபெல்ட்மனும். இதில் ஃபெல்ட்மன் யார் தெரியுமா? கால்நடை மருத்துவர். சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் 1945லேயே ஒரு விசித்திரம் பதிவானது. சில நோயாளிகளுக்கு எழுந்து நின்றால் தலை சுற்றியது. நடக்கத் தடுமாற்றம். சிலருக்குக் காதும் போனது.

உள்காதில் இரண்டு டிபார்ட்மெண்ட். ஒன்று கேட்பதற்கு, இன்னொன்று உடம்பின் பேலன்ஸுக்கு. இரண்டிலும் மெல்லிய மயிரிழை செல்கள். இந்தக் குடும்பத்து மருந்துகள் அந்தச் செல்களைத் தாக்கும் குணம் உள்ளவை. அப்புறம் வந்த நியோமைசினும் ஜென்டாமைசினும் இதே குடும்பம். செவிப்பறை முழுசாக இருந்தால் சொட்டுமருந்து அதைத் தாண்டி உள்ளே போகாது. நாய்களுக்கான காது மருந்துகள் பலவற்றில் இவை இருக்கத்தான் செய்கின்றன. கிழிந்திருந்தால்? கேட் திறந்த வீடு. நேராக உள்ளே.

1971ல் பிக்னெல் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிய கட்டுரையும் இதே ரகம். செவிப்பறை ஆபரேஷனுக்குப் பிறகு சில நோயாளிகள் செவிடானார்கள். ஏன் என்று தேடினால், ஆபரேஷனுக்கு முன் காதைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய குளோர்ஹெக்சிடின் திரவத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. வைத்தியம் அல்ல, சுத்தம் செய்த திரவம்!

ஜிம்மியின் செவிப்பறை ஏற்கெனவே நோயால் கிழிந்திருந்தது. மருந்தினால்தான் இப்படி ஆனதா, நோயே உள்ளே பரவியதா என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. "ரெண்டும் இருக்கலாம் சார்" என்றார். அந்த 'இருக்கலாம்' எனக்குப் போதும்.

*

அப்படியானால் வீட்டில் ஒன்றுமே செய்யக் கூடாதா? நிறையச் செய்யலாம். செய்யவும் வேண்டும். எல்லை தெரிந்தால் போதும்.

வாரம் ஒருமுறை காதைத் தூக்கிப் பாருங்கள், மோந்து பாருங்கள். ஆரோக்கியமான காது வெளிர் ரோஜா நிறம், வாசனை கிடையாது. துளி மெழுகு இருந்தால் பரவாயில்லை. காதுத் துவாரத்தின் தோல், அழுக்கை மெதுவாகத் தானே வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். சுத்தமான காதைத் தினமும் நோண்டினால் இருக்கிற ஆரோக்கியமும் போகும்.

அழுக்கு சேருகிற ரகம் என்றால், டாக்டரிடம் ஒருமுறை காட்டி, செவிப்பறை சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அவர் சொல்கிற நாய்களுக்கான காது கிளீனரை வாங்குங்கள். பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக் குளிர்ச்சியைப் போக்குங்கள். காது மடலை மேலே தூக்கிப் பிடித்து, துவாரம் நிறைய விடுங்கள். பாட்டில் முனை காதில் படக் கூடாது. காதுக்குக் கீழே குழாய் மாதிரி கைக்குத் தட்டுப்படும் இடத்தை அரை நிமிஷம் பிசைந்து விடுங்கள். 'சளக் சளக்' என்று கேட்கும். விட்டுவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். நாய் ஒரு உதறு உதறும். உங்கள் சட்டை போகும், ஆனால் எல் திருப்பத்தில் இருந்த அழுக்கு மேலே வரும். வந்ததைப் பஞ்சால் துடையுங்கள், விரல் போகிற தூரம் மட்டும். கடைசியில் ஒரு பிஸ்கட். அடுத்த தடவை ஓடாது.

பட்ஸ்? தூக்கிப் போடுங்கள். 1923ல் லியோ கெர்ஸ்டென்சாங் என்பவர் அமெரிக்காவில் குழந்தைகளுக்காகக் கொண்டுவந்த அந்தப் பஞ்சுக் குச்சி, நேர்க்கோட்டு மனிதக் காதுக்கே ஆகாது என்கிறார்கள் டாக்டர்கள். வளைந்த காதில் அது அழுக்கைத் திருப்பத்துக்குள் இன்னும் இடித்துத் திணிக்கும்.

குளிப்பாட்டினால், நீந்தினால், காதைத் துடைத்து உலர்த்துங்கள். பிளெய்ன் 1817ல் கவனித்தது இன்றைக்கும் உண்மை. மடலில் தெரிகிற உண்ணியைச் சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், தீக்குச்சி வேண்டவே வேண்டாம். டாக்டர் மருந்து கொடுத்தால், அவர் சொன்ன நாள்வரை விடுங்கள். சொறிவது நின்றதும் நிறுத்தினால், மிச்சம் இருக்கிற கிருமி அடுத்த மாதம் வட்டியோடு வரும். சிற்றுண்ணி என்றால் வீட்டில் இருக்கிற எல்லா நாய் பூனைக்கும் சேர்த்து வைத்தியம்.

உள்ளே விடக் கூடாதவை: ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, வினிகர், வெங்காயச் சாறு, பூண்டு எண்ணெய், சூடான எந்த எண்ணெயும், மனிதருக்கு எழுதிக்கொடுத்த சொட்டுமருந்து, போன வருஷத்து மிச்சம். முக்கியமாக அந்த மிச்சம்.

இன்னொன்று. 'ஐவர்மெக்டின் வாங்கிக் காதில் விடு' என்று நாலு பேர் சொல்வார்கள். ஜப்பானில் சதோஷி ஓமுரா எடுத்த ஒரு பிடி மண்ணிலிருந்து பிறந்து, 1981ல் கால்நடைகளுக்கு வந்து, 2015ல் நோபல் பரிசு வரை போன மகா மருந்து அது. ஆனால் கோலி போன்ற சில ஜாதி நாய்கள் அதன் ஊசியில் செத்துப்போயின. காரணமான மரபணுக் கோளாறை அமெரிக்காவில் கேட்ரினா மீலி குழுவினர் 2001ல் கண்டுபிடித்தார்கள். மகா மருந்தாக இருந்தாலும் அளவும் ஆளும் முக்கியம். மாட்டுக்கு வாங்கியதை நாய்க்குப் பிரித்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். இப்போது அதைவிடப் பத்திரமான மருந்துகள் இருக்கின்றன. டாக்டர் சொல்வார்.

கடைசியாக, வீட்டு வைத்தியத்தை மூட்டைகட்டிவிட்டு உடனே ஓட வேண்டிய நேரம். தலை சாய்ந்திருக்கிறதா? நடை தள்ளாடுகிறதா? கண்மணி ஆடுகிறதா? காதைத் தொட்டால் கத்துகிறதா, கடிக்க வருகிறதா? சீழ், ரத்தம், புழு? மடல் பலூன் மாதிரி வீங்கிவிட்டதா? திடீரென்று ஒரு பக்கமாக உதற ஆரம்பித்து நிறுத்தவே இல்லையா (புல் விதை உள்ளே போயிருக்கலாம்)? கூப்பிட்டால் திரும்பவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் காதில் தண்ணீர்கூட விடாதீர்கள். ஆட்டோ பிடியுங்கள். நாள் கடத்தினால் துவாரத்தின் சுவர் தடித்து, அடைத்துக்கொண்டு, கடைசியில் ஆபரேஷன் மேஜைதான். 1949ல் ஸெப் என்ற அமெரிக்க டாக்டர், எல்லின் நேர்ப்பகுதியைத் திறந்துவிட்டு சீழ் வெளியேற வழி பண்ணும் ஆபரேஷனை விவரித்து எழுதினார். அவருடைய பெயரிலேயே வழங்குகிறது. அதுவரை போக வேண்டுமா?

*

காரில் 'எல்' போர்டு மாட்டியிருந்தால் என்ன அர்த்தம்? ஓட்டுகிறவர் கற்றுக்கொண்டிருக்கிறார், தனியாக ஓட்டத் தெரியாது, பக்கத்தில் தெரிந்தவர் உட்கார வேண்டும். இயற்கை அந்தப் போர்டை நாயின் காதுக்குள்ளேயே மாட்டி வைத்திருக்கிறது. வாரோவிலிருந்து என்வரைக்கும் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

ஜிம்மி பிழைத்துக்கொண்டது. ஒரு மாத வைத்தியம். நான் மிச்சம் பிடிக்க நினைத்த ஃபீஸைப் போல இருபது மடங்கு செலவு. அந்தக் கணக்கை விடுங்கள். நடை சரியாகிவிட்டது. சாப்பிடுகிறது, போஸ்ட்மேனைப் பார்த்துக் குரைக்கிறது. இடதுபக்கம் நின்று கூப்பிட்டால் மட்டும் வலதுபக்கம் திரும்பி என்னைத் தேடுகிறது.

தலை லேசாக இடதுபக்கம் சாய்ந்தேதான் இருக்கிறது. இனி அப்படித்தான் இருக்குமாம். வீட்டுக்கு வருகிறவர்கள், "எவ்ளோ அழகா தலையைச் சாய்ச்சுப் பார்க்குது பாருங்க!" என்று கொஞ்சுகிறார்கள்.

நான் ஒன்றும் சொல்வதில்லை. காப்பி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விடுகிறேன்.